தொட்டில் வேண்டாமென்றது

இப்போதெல்லாம் பிள்ளைக்கு என்ன வாங்கலாமென்று பெரியவர்களைக் கேட்பதில்லை, தொட்டிலைக் கேட்கிறார்கள். என் மகன் குமரவேல் வாங்கிய தொட்டில் பேசும். அது சொல்வதைத்தான் வாங்குவான்.

பிறந்த பிள்ளைக்கு முதலில் பழந்துணிதான் போடுவது எங்கள் வழக்கம். என் வேட்டியைத் துவைத்து, கிழித்து, பேருந்தேறிக் கொண்டுபோனேன். தொட்டில் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது தேவையில்லை" என்றது.

"கோவிச்சுக்காதீங்கப்பா. மொதப் புள்ள, பயமா இருக்கு."

"சரிடா, பேத்தியை ஒருக்கா தூக்கிக்கிறேன்."

குமரவேல் தொட்டிலைப் பார்த்தான். அது என் கையையும் முகர்ந்தது.

"இதுவும் தேவையில்லை."

"எம்மாம் பெரிய மூக்குடா இதுக்கு!" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பேத்தி அழுதாள். தொட்டில் தானே ஆடியது. அழுகை நின்றது.

"பாத்தீங்களாப்பா?"

மனுசக் கை எப்படியிருக்குமென்றே தெரியாத பிள்ளை வேறென்ன செய்யும்? செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.