மூன்று முறை மறுக்கப்பட்டவர்

"மூணு தடவை இவருக்கு விசா இல்லேன்னு திருப்பி அனுப்பினீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்று விசா ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற கணவர் டிரைவிங் ஸ்கூல்காரர். கால் தானாகத் தரையை அழுத்தியது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் காரைக் கொண்டுபோய் எதிலாவது சொருகப் பார்க்கும்போது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து வந்த பழக்கம். மனைவிக்கு அப்படியொரு பிரேக் கிடையாது.

இவருடைய அக்கா வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அம்மா போன பிறகு இவரைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

இன்று சாயங்கால விமானத்தைப் பிடித்தால் உயிரோடு முகத்தைப் பார்க்கலாம். அதற்கு மதியத்துக்குள் அவசர விசா வேண்டும்.

அந்த மூன்று மறுப்புகள் சொந்தபந்தத்தில் ரொம்பப் பிரசித்தம். நாலு பேர் கூடினால் போதும், "அந்த விசா ஆபீசர் கதையைச் சொல்லுங்க" என்று சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். இவரும் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

முதல் ஆபீசர் போட்டோவைப் பார்த்து, இது நீ இல்லை என்றானாம். இரண்டாமவன் கொட்டாவி விட்டுக்கொண்டே முடியாது என்றானாம். மூன்றாமவனை இவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாராம், அதுவும் இங்கிலீஷில். நாலு கேள்வி போகப் போக ஏழெட்டு ஆகியிருந்தது.

அக்காவும் போனில் அத்தனையும் கேட்பாள். கேட்டு முடித்ததும் ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்று சொல்வாள். "நான் ஏதாவது அனுப்பணுமாடா?"

"நீ என்னக்கா பண்ணுவே, எல்லாம் இவனுங்க கையில இருக்கு" என்பார் இவர். சரிடா, சாப்பிட்டியா என்று அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"சார் பேர்ல இதுவரைக்கும் விண்ணப்பமே வரலையே மேடம்."

"நல்லாப் பாரும்மா" என்றாள் மனைவி.

அந்தப் பெண் நல்லாப் பார்த்தாள். "வேற ஊர் ஆபீஸ்ல முன்னாடி மறுத்திருந்தா விசாரணைக்கு அனுப்பணும், இன்னைக்கு ஆகாது. முதல் தடவைன்னா மதியமே கொடுத்துடலாம். எதுன்னு சாரே சொல்லட்டும்."

சார் என்னத்தைச் சொல்வார்? அக்கா கல்யாணத்தன்று, "இந்த ஆள் உருப்பட மாட்டான், எழுதி வச்சுக்கோங்க" என்று அத்தானைப் பற்றிச் சபையில் சொன்ன பெரிய மனுஷர் இவர். அந்தப் பாவி மனுஷன் உருப்பட்டுத் தொலைத்தார். அதுவும் சும்மா இல்லை, தோட்டமும் லிஃப்டும் வைத்த வீட்டோடு உருப்பட்டார். அங்கே போய் அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கினால் தொண்டையில் இறங்குமா? கௌரவம் என்னாவது?

அதற்கு விசா கிடைக்கவில்லை என்பது எவ்வளவோ மேல். பழியைத் தூக்கி ஒரு அரசாங்கத்தின் தலையில் போட்டாயிற்று. அரசாங்கம் வந்து கேட்கவா போகிறது என்று இருந்தார்.

இப்போது கேட்டுவிட்டது.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். மனைவி இவர் முகத்தையே பார்த்தாள். கௌரவத்தைப் பார்த்தால் அக்கா போய்விடுவாள்.

"நான் அப்ளையே பண்ணலம்மா" என்றார். பேசுகிற மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வாயை வைத்துவிட்டதால் ஹால் முழுக்கக் கேட்டது.

இந்த மூன்று மறுப்புகளுக்காக அக்கம்பக்கத்தில் எத்தனை பேரிடம் பொருமியிருப்பாள் மனைவி. அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க. அப்புறம் இருக்கு" என்றாள் மெதுவாக.

அந்தப் பெண் காகிதங்களை அடுக்கி, மேலே ஒன்றை எடுத்து வைத்தாள். அக்கா பெயரில் அத்தான் காலையில் அனுப்பியிருந்த அழைப்புக் கடிதம். போன மானத்தில் கொஞ்சமாவது திரும்ப வரட்டும் என்று இவர் வாயைக் கொடுத்தார். உடம்புக்கு முடியாதவர்களைப் போய்க் கடிதம் கொடு என்று கேட்பது நியாயமா, இது இல்லாமல் ஆகாதா என்றார்.

"அங்கேருந்து கூப்பிடறவங்க கடிதம் இல்லாம விண்ணப்பத்தையே வாங்க மாட்டோம் சார். எப்பவுமே அப்படித்தான்."

டிரைவிங் ஸ்கூல்காரர் கண்ணாடி வழியே அந்தக் கடிதத்தைப் பார்த்தார்.

அக்கா தன் மாமனார் மாமியாரை அங்கே வரவழைத்தவள். நாத்தனார் குடும்பத்தை வரவழைத்தவள். ஒவ்வொருவருக்கும் இந்தக் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவள் அவளேதான். தம்பி மட்டும் ஒரு தடவைகூட அவளிடம் இதைக் கேட்டதில்லை.

கால் மறுபடியும் தரையை அழுத்தியது. எது நிற்கப் போகிறது?

மதியம் விசா கைக்கு வந்தது. வெளியே படிக்கட்டில் நின்று போன் போட்டார். அத்தான்தான் எடுத்தார். "வந்துடுங்க மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அக்கா காதில் வைத்தார்.

"அக்கா, விசா கிடைச்சிருச்சுக்கா."

அந்தப் பக்கம் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவள் சிரிக்கிறாள் என்று புரிய இவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இந்தத் தடவை ஆபீசர் நல்லவனாடா?" என்றாள் அக்கா.