பஹ்லாவிலிருந்து வந்தவர்

“பேரைச் சொல்லாதீங்க. பல்லைக் காட்டாதீங்க. வாங்கிக்கறேன்னு சட்டுனு தலையாட்டிடாதீங்க. கேள்வியா கேட்டுக்கிட்டே இருங்க, அது போதும்” என்று புருஷனின் தலைப்பாகையை இழுத்துச் சரிசெய்தாள் ஜுவைனா.

கல்ஃபானுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “டயர் வாங்கறதுக்குப் பெருநாள் உடுப்பு எதுக்கு? பஹ்லாவுல இல்லாத டயர் கடையா? காலையில ஒரு வாய் ரொட்டிகூட திங்க விடாம நிஸ்வா வரைக்கும் விரட்டிக்கிட்டு வந்திருக்கே!”

“பஹ்லா கடைக்காரங்களுக்கு உங்களைக் கண்டாலே கொண்டாட்டம். போன வருஷம் வாங்கினது மறந்து போச்சா?”

மறக்குமா? புதுசு என்று தலையில் கட்டிய பழைய டயர், சலாலா போகிற வழியில் ஹைமாவைத் தாண்டி வெட்டவெளியில் வெடித்தது. மூன்று பிள்ளைகளும் வெயிலில் வாடி வதங்கிப் போனார்கள். நாளை விடிந்தால் மறுபடியும் சலாலா பயணம். நல்ல டயர் மாட்டாமல் இந்த எஸ்.யூ.வி.யில் என் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்று ஜுவைனா ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள்.

அவள் வண்டியிலேயே உட்கார்ந்துகொள்ள, கல்ஃபான் கைத்தடியைச் சுழற்றியபடி கடைக்குள் நுழைந்தார். கடை முதலாளி முஹன்னாவுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். ஜாக்கியும் கையுமாகக் குனிந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

“எந்த ஊருங்க?”

“பஹ்லா.”

அவ்வளவுதான். முஹன்னா ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கஹ்வா காப்பியும் ஹல்வாவும் தட்டில் வந்து இறங்கின.

கல்ஃபான் சிரிக்கவில்லை. “இது எந்த வருஷத்து டயர்?”

முஹன்னா மண்டியிட்டு, டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்க எண்ணைத் தொட்டுக் காட்டினான். “முதல் ரெண்டு இலக்கம் செஞ்ச வாரம், அடுத்த ரெண்டு இலக்கம் செஞ்ச வருஷம். இது பழைய சரக்கு மாமா, வேணாம். உள்ள போன மாசம் வந்தது இருக்கு, அதை எடுத்துக்குங்க.”

தன் கடைச் சரக்கைத் தானே வேண்டாம் என்கிற வியாபாரியைக் கல்ஃபான் ஆயுசில் பார்த்ததில்லை. நம் கேள்விக்குப் பயல் ஆடிப்போய்விட்டான் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனார்.

“அந்தப் பெரிய பெரிய பட்டன் மாதிரி கட்டை வெச்ச டயர் எப்படி? பாக்க வாட்டசாட்டமா இருக்கே?”

“அது மணல்மேடு ஏறுறவங்களுக்கு. சலாலா ரோட்டுக்குப் போட்டா வழி பூரா உறுமும், பிள்ளைங்க தூங்காது. விலையும் கூட. உங்களுக்கு எதுக்கு அது?” என்றவன், கொஞ்சம் தயங்கிவிட்டு, “நான் சிகரெட் தொடறதில்ல மாமா” என்றான்.

டயருக்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கல்ஃபானுக்குப் புரியவில்லை. ரப்பர் தீப்பிடிக்கும் என்று ஜாக்கிரதையாக இருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டார்.

“கடை வாடகையா?” என்று சும்மா கேட்டுவைத்தார்.

“சொந்த இடம். பாங்கு சொன்னா மூடிட்டுத் தொழப் போயிடுவேன். அம்மா என்கூடத்தான் இருக்காங்க.”

நல்ல பிள்ளைதான், கொஞ்சம் வாயாடி என்று முடிவு கட்டினார் கல்ஃபான். நாலு டயரையும் முஹன்னா வேலையாளைத் தொடவிடாமல் தானே மாட்டினான். பேலன்சிங் பார்த்தான், ஸ்டெப்னியில் காற்று அடித்தான். டயர் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, கூலி என்றதும் காதைப் பொத்திக்கொண்டான்.

கல்ஃபான் ஜெயித்த வீரனாக வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஜன்னலோரம் வந்து நின்ற முஹன்னாவின் காது மடல் சிவந்திருந்தது.

“மாமா... பொண்ணு கேக்க எங்கம்மாவை எப்ப வரச் சொல்லட்டும்?”

“எந்தப் பொண்ணை?”

“போங்க மாமா, இன்னும் விளையாடறீங்க! பொண்ணு வீட்டாளு ஒருத்தர் டயர் வாங்கற சாக்குல வந்து என்னை எடை போட்டுப் பாப்பாருன்னு எனக்குத் தெரியும். பொண்ணுக்கும் அந்த ஊருதானே, பஹ்லான்னு சொன்னதுமே கண்டுபிடிச்சுட்டேன்.”

கல்ஃபான் வாயைத் திறப்பதற்குள், “எல்லாம் நல்லபடியா முடியும் தம்பி. ” என்ற ஜுவைனா, புருஷன் பக்கம் திரும்பி, “வண்டியை எடுங்க” என்றாள்.

ரவுண்டானா வந்ததும் கல்ஃபான் வண்டியை ஓரங்கட்டினார். மனசு கேட்கவில்லை.

“பாவம்டி அந்தப் பையன், என்னை மாமனாராவே ஆக்கிட்டான். நாளைக்கு நிஜ ஆளு வந்து நிக்கறப்ப, வேற யாரோன்னு அசட்டையா இருந்துட்டா கல்யாணமே நின்னுபோகும். நான் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிடறேன்.”

“ஒண்ணும் நிக்காது. நிஜ ஆளு போன வாரமே ஊரைச் சொல்லாம வந்து பாத்தாச்சு. பையனை ரொம்பப் பிடிச்சும் போச்சு. பொண்ணோட அம்மா நேத்து நம்ம வீட்டுக்குக் கஹ்வா குடிக்க வந்தப்ப அவ வாயாலயே சொன்னா.”

“அப்புறம் ஏன் பையனுக்கு இன்னும் சொல்லலை?”

ஜுவைனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

“இன்னிக்குச் சாயங்காலம் அஸர் தொழுதுட்டுத்தான் சொல்றாங்களாம். அதுக்குள்ள நம்ம டயரை வாங்கிட வேணாமா?”