சந்தேகப் பிராணி

“சொந்த அம்மாவையாவது நம்புவேளா?” என்று கேட்டாள் வந்தனா.

சாய்நாத் யோசித்தான். எதைக் கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று மாட்டுங்காவிலிருந்து டாக்சியில் வரும்போதே முடிவு செய்திருந்தான்.

“நம்புவேன். ஆனா அம்மா போன்லேர்ந்து லிங்க் வந்தா, அவதான் அனுப்பினாளான்னு கூப்பிட்டுக் கேட்டுட்டுத்தான் திறப்பேன். போன தடவை ‘நான்தான்டா’ன்னா. அதையும் நம்பாம, எனக்கு முதல்ல விழுந்தது மேல்பல்லா கீழ்ப்பல்லான்னு கேட்டேன். போனை வச்சுட்டா.”

வந்தனா சிரிக்கவில்லை. சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றில் ஆள் எடுக்கும் பொறுப்பு அவளுடையது. அவனுடைய பயோடேட்டாவை முன்பே படித்துவிட்டதாகச் சொன்னாள். படிப்பும் சான்றிதழும் எல்லோரிடமும்தான் இருக்கிறது, தனக்குத் தெரிய வேண்டியது சுபாவம் என்றாள்.

சாய்நாத்துக்கு முப்பத்து நான்கு வயதாகிறது. இதுவரை போன இடங்களிலெல்லாம் ‘யோசிச்சு சொல்றோம்’ என்று அனுப்பிவைத்தவர்கள்தான். இந்தச் செம்பூர் அறைக்கு வெளியேயும் சிலர் முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

கோபம் வருமா என்று கேட்டாள். வராது என்றான். வங்கியில் அவன் பார்க்கும் கணினித் திரையில் நாள் முழுக்க எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவை வீண் எச்சரிக்கைகள். சக ஊழியர்கள் சலித்துப்போய்த் தள்ளிவிடுவார்கள். அவனுக்கு மட்டும் சலிக்காது. ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவான். பெரும்பாலும் அதற்குள் கேன்டீனை மூடிவிடுவார்கள்.

லீவு நாளில் அவசரம் என்றால் வருவானா என்று கேட்டாள்.

“என் தங்கை ருக்கு கல்யாணத்துல, தாலி கட்டற நேரத்துல நான் மண்டப மூலையில லேப்டாப்போட உட்கார்ந்திருந்தேன். போட்டோ எதுலயும் நான் கிடையாது. பாத்தவா எல்லாரும் பொண்ணுக்கு அண்ணாவே இல்லைன்னு நினைச்சுண்டா.”

வேலை விஷயங்களை வீட்டில் பேசுவதுண்டா என்ற கேள்விக்கு, தான் இருப்பது எந்தக் கிளையில் என்பதே அப்பாவுக்குச் சரியாகத் தெரியாது என்றான். சொல்லும்போதே அவனுக்குத் தன்மேல் சலிப்பாக இருந்தது.

“சுருக்கமா சொன்னா, என்னோட இருக்கறவாளுக்குப் பைத்தியம் பிடிச்சுடும். இப்பவே சொல்லிடறது நல்லது இல்லையா?”

வந்தனாவின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

“சந்தேகம், பொறுமை, வாயைத் திறக்காத குணம். இதெல்லாம் ஒரே ஆள்கிட்ட சேர்ந்து கிடைக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் ரொம்ப நாளா தேடிண்டிருக்கேன். விடறதா இல்லை.”

பிறந்ததிலிருந்து யாரும் சாய்நாத்திடம் இப்படிச் சொன்னதில்லை. இந்த ஒரு வார்த்தையைச் சந்தேகப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவள் பின்னால் எழுந்து வந்தான்.

கதவு திறந்ததும் வெளியே பேச்சு நின்றது. வந்தனாவின் அம்மா ஷ்யாமளா ஆவலோடு மகளின் கையைப் பிடித்தாள்.

“என்னடி, மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. திங்கட்கிழமையே எங்க ஆபீஸ்ல சேர்த்துக்கறேன்,” என்றாள் வந்தனா. “கல்யாணத்துக்கு வேற ஜாதகம் பாரு.”