அந்தோனியாருக்கு நேர்ந்த கோழி

நாய் கடித்திருந்தால் துளை துளையாக இருக்கும். இது ஒரே கோடு.

நிலக்ஷனா கோழியை மடியில் பக்கவாட்டில் சாய்த்து, இறக்கையை விலக்கி இன்னொரு தரம் பார்த்தாள். விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. உள்ளே சதை தெரிந்தது. கத்திதான், வேறொன்றுமில்லை.

யார் வீட்டுக் கத்தி என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை.

லயத்து வரிசையில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் இருதயம்மாவின் லீக்ஸ் பாத்தியை இந்தக் கோழி கிளறிவிட்டது என்று போன கிழமைதான் லயமே கேட்க ஒரு சண்டை நடந்தது. அதுகூடப் பரவாயில்லை. குவைத்தில் வீட்டு வேலைக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் எழுதிக் கொடுத்தார்கள். இருதயம்மா மெடிக்கலில் நின்றுபோனாள். நிலக்ஷனாவுக்கு விசா வந்துவிட்டது. வயிறு எரியாமல் இருக்குமா?

விசா வந்தால் தருகிறேன் என்று அந்தோனியாருக்கு நேர்ந்து, காலில் சிவப்பு நூல் கட்டி வளர்த்த கோழி இது. நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை, கோயிலில் கொண்டுபோய் விட வேண்டும். வியாழக்கிழமை பிளேன். நேர்த்தியைத் தீர்க்காமல் படியிறங்க அவளுக்குத் துணிச்சல் கிடையாது. செத்த கோழியையும் நொண்டிக் கோழியையும் கோயிலுக்குக் கொண்டுபோக முடியாது. வேறு கோழியைக் காட்டி அந்தோனியாரை ஏமாற்றவும் முடியாது. இதெல்லாம் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

தெரிந்துதான் வெட்டியிருக்கிறாள், சண்டாளி.

ஜூட் உப்புப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை ஆற்றிக்கொண்டு வந்தான். அவள் புருஷன். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன்.

"நாயாத்தான் இருக்கும்" என்றான்.

"நாய் கத்தியத் தூக்கிக்கிட்டா வந்துச்சு? காலப் புடிங்க."

அவன் கை பட்டதுதான் தாமதம், கோழி துள்ளியது. தொண்டை கிழியக் கத்தியது. நின்றிருந்த ரத்தம் மறுபடி வழிந்தது. வலிதான் என்று நினைத்துக்கொண்டு அவனைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

வாசலில் நிழல் தட்டியது. கையில் ஒரு குப்பியோடு இருதயம்மா நின்றாள்.

"மாட்டுப் புண்ணுக்குப் போடுற மருந்து புள்ள. ஈ மொய்க்காது. போடவா?"

வெட்டுவதும் இவள், மருந்து போடுவதும் இவளா? அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

"வேணாங்க்கா. நீங்க செஞ்சதே போதும்" என்றாள், நிமிராமலே.

இருதயம்மா குப்பியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நிலக்ஷனா காயத்தைச் சுற்றி இறகுகளைக் கத்தரித்தாள். உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். கொதிநீரில் போட்டெடுத்த ஊசியில் நூலைக் கோத்து முதல் தையலைப் போட்டாள். கோழி நடுங்கியது, ஆனால் துள்ளவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. ஊசி ஏறும்போதுகூட அவள் கைக்குள் அடங்கிக் கிடந்தது.

கடைசித் தையலுக்கு ஜூட் மறுபடி கையை நீட்டினான்.

கோழி அவள் கக்கத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது.

நிலக்ஷனா கோழியைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள். தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் அந்தக் கையில் ஏறி நின்றுதான் இது சோறு தின்னும். அந்தக் கை இப்போது அந்தரத்தில் நின்றது.

கூரைச் சட்டத்தில் கவ்வாத்துக் கத்தி தொங்கியது. கழுவியிருந்தது. பிடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை. மலையில் இன்று வேலையே இல்லை.

ஒரு நாளைக்கு இருநூறு செடி வெட்டுகிற கை அது. வெட்டு பிசகியது என்று கங்காணி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஒரு கோழிக் கழுத்தில் பிசகி, இறக்கையில் இறங்கியிருக்கிறது.

அவளுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. மண்சரியும் என்று லயத்துக்குச் சிவப்பு அறிவித்தல் ஒட்டியபோது, புதுக் காணியில் கட்டத் தொடங்கிய வீடு காசில்லாமல் ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோனபோது, "ரெண்டு வருஷம்தானே, போய்ட்டு வா" என்று சொன்னது யார்? கிராம சேவகர் முன்னால் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது யார்? போகாதே என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, பாவி.

முடிச்சை இறுக்கி நூலைப் பல்லால் கடித்தாள்.

ஜூட் நிலத்தைப் பார்த்தபடி கேட்டான்.

"செவ்வாக்கிழமக்குள்ள ஆறாதுல்ல?"

இறக்கையை மெல்ல மூடிவிட்டு, கோழியை அடுப்போரப் பெட்டியில் சாக்கை விரித்து வைத்தாள். அடுப்புப் புகை பட்டதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"இருதயம்மாக்கா, அந்த மருந்தக் கொஞ்சம் கொண்டாங்க. நான் சொன்னத மனசுல வச்சிக்கிறாதீங்க."