பதினோராவது வில்லை

பூட்டுக்குள் வரிசையாக அடுக்கியிருந்த வட்டத் தகடுகளில், பத்து வில்லைகள் அடங்கிவிட்டன. பதினோராவது மட்டும் பிடிகொடுக்கவில்லை.

சிர்க்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு, தானே அரத்தால் தேய்த்துச் செய்த கம்பியைப் பூட்டுக்குள் மயிரிழை அளவு திருப்பினாள்.

பின்லாந்தின் குவோப்பியோ நகர நூலகத்தின் பின்னறை. சனிக்கிழமை தோறும் மதியம் அங்கே கூடுகிற பூட்டுப் பைத்தியங்கள் ஆறு பேரும் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருடர்கள் இல்லை, எல்லாரும் வரி கட்டுகிற குடும்பஸ்தர்கள். சாவி இல்லாமல் பூட்டைத் திறந்து பார்ப்பதில் ஒரு கிறுக்கு, அவ்வளவுதான். சிர்க்காவுக்குப் பிழைப்பு பல் செட் செய்வது.

“இன்னிக்காவது திறப்பியா, இல்ல இதையும் உன்னோட சேத்துத்தான் புதைக்கணுமா?” என்றான் இல்மரி, ஏலக்காய் பன்னை மென்றுகொண்டே.

“வாய மூடிக்கிட்டுத் தின்னு.”

பதினான்கு மாதங்களாக அவள் மல்லுக்கட்டும் பூட்டு அது. புத்தம் புதிதாக, எண்ணெய் வாசனைகூடப் போகாமல் தபாலில் வந்தது. இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் சவால் பூட்டு அனுப்பிக்கொள்வது சகஜம். கூடவே சாவி வராது. ஆனால் ‘முடிந்தால் திறந்து பார்’ என்று ஒரு கேலிச் சீட்டும், கீழே அனுப்பியவர் பெயரும் கட்டாயம் இருக்கும்.

இதில் சீட்டும் இல்லை, பெயரும் இல்லை. பூட்டுத் திறக்கும் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியபோது செய்தித்தாளில் அவள் படம் வந்ததே, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பூட்டைச் சுற்றியிருந்தார்கள்.

“யாரோ ரசிகன்” என்று இல்மரி அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான்.

இவர்களைப் போல நாட்டில் உள்ள எல்லாப் பூட்டுச் சங்கங்களுக்கும் எழுதிக் கேட்டாள். நாங்கள் அனுப்பவில்லை என்றே பதில் வந்தது. பூட்டு திறக்காததுகூடப் பெரிதில்லை. யார் அனுப்பினார்கள் என்பதுதான் அவளை அரித்துத் தின்றது. திறந்தால் தெரிந்துவிடும் என்று ஏனோ நம்பினாள்.

சங்கத்துக்கு இரண்டே சட்டங்கள். உனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே. சவால் பூட்டில் எந்தச் சாவியையும் நுழைக்காதே. இரண்டாவதை மீறுவது பரீட்சையில் பார்த்து எழுதுகிற மாதிரி. அதன் பிறகு யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

முதல் சட்டம் சிர்க்காவுக்கு ஒரு வகையில் வசதியாக இருந்தது. ஏரித்தீவில் இருக்கும் அம்மாவின் கோடைவீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்க அது நல்ல சாக்கு.

அம்மா இறந்த வருஷம், அந்த வீடு யாருக்கு என்பதில் தம்பி ரைமோவுடன் சண்டை முற்றிவிட்டது. “பூட்டையெல்லாம் மாத்திட்டேன், தெரிஞ்சுக்க!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தான். ஒன்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

அம்மா காலத்தில் வாசலுக்கும் படகுக்கும் விறகுக் கொட்டகைக்கும் ஒரே சாவி. புதுப் பூட்டு வாங்கினாலும் பழைய சாவியைக் கடைக்காரனிடம் காட்டி, அதற்கே பொருந்தும்படி செய்யச் சொல்லித்தான் வாங்குவாள்.

அந்தச் சாவி இன்னும் சிர்க்காவின் கொத்தில் கிடந்தது. இனி அது எதையும் திறக்காது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. சங்கத்தில் சேர்ந்த புதிதில், சாவியின் வெட்டுகளைப் பார்த்து எண்களாகப் படிக்கப் பழகியபோது அதை வைத்துத்தான் பழகினாள்.

டக்.

பூட்டின் வளையம் எகிறித் திறந்தது.

எல்லாரும் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். இல்மரி அவள் தோளைக் குலுக்கிய குலுக்கலில் காப்பி சிந்தியது.

“எழுது, எழுது!”

திறந்ததும் வில்லைகள் நின்ற நிலையை ஒவ்வொன்றாக எண் போட்டு எழுதிக் காட்ட வேண்டும். சிர்க்கா கம்பியை வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினாள். நான்கு. ஒன்று. ஆறு. இரண்டு. இரண்டு.

ஆறாவது எண்ணை எழுதும்போது அவள் கை தயங்கியது. ஏழாவதைப் பூட்டைப் பார்க்காமலே எழுதினாள். மீதி நான்கையும் அப்படியே எழுதி முடித்தாள்.

பிறகு பூட்டை அழுத்தி மறுபடியும் மூடினாள். கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள்.

“ஏய், என்ன பண்ற? சாவியப் போடாத!” என்று இல்மரி பதறினான்.

போட்டாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. திருப்பினாள். திறந்தது.

சிர்க்காவுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. பதினான்கு மாதமும் சாவி பையில் கிடந்திருக்கிறது. இந்த அறைக்கு வெளியே யாராக இருந்தாலும் முதல் நாளே கையில் இருக்கிற சாவியை எல்லாம் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

“யாரு அனுப்பினதுன்னு தெரிஞ்சுதா?” என்றான் இல்மரி, இந்த முறை கிண்டல் இல்லாமல்.

“என் தம்பி. அம்மா வீட்டுச் சாவி எங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

ரைமோ பொய் சொல்லவில்லை. பூட்டை மாற்றியிருந்தான். அம்மா மாதிரியே, பழைய சாவிக்கே பொருந்தும்படி மாற்றியிருந்தான்.

அவள் கசங்கிய செய்தித்தாளை எடுத்து நீவினாள். பரிசுக் கோப்பையோடு வாயெல்லாம் பல்லாக நின்றாள் படத்தில்.

இப்படிப்பட்ட அக்காவுக்கு இது ஒரு நாள் வேலை என்றுதான் அவன் நினைத்திருப்பான். மறுநாளிலிருந்து போன் மணிக்காகக் காத்திருந்திருப்பான்.