பதினாறு ஜி.பி.

"ஐயோ அக்கா, என் பொண்ணு யூனிஃபார்மைத்தானே பிரிச்சுத் தைக்கச் சொன்னேன்! நீங்க கம்ப்யூட்டரைப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

கீழ்வீட்டுக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். குடிவந்து இரண்டு வாரம்தான். அதற்குள் 'அக்கா' ஒட்டிக்கொண்டுவிட்டது.

தையற்காரி நிமிரவில்லை. துணி வெட்டும் மேசையில் மடிக்கணினி குப்புறக் கிடந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி. அதில் சாக்கட்டியால் மடிக்கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ அங்கேயே வைத்திருந்தாள். மொத்தம் பத்து.

"யூனிஃபார்ம் அந்த ஆணியில தொங்குது, எடுத்துக்கோ. முதல்ல கதவைச் சாத்து. காத்துல துணி பறந்துச்சுன்னா பத்தையும் நீதான் தேடணும்."

"கடையில கொடுத்தா ஆகாதா?"

"மூணு நாள் ஆகும்னான். இவருக்கு நாளைக்குக் காலையில எட்டரைக்கு வகுப்பு."

'இவர்' எதிர் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கணக்கு வாத்தியார். கழுத்துத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வந்தவளுக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

நீண்ட விடுப்புக்குப் பிறகு நாளைக்குத்தான் பள்ளிக்குப் போகிறார். "ஒரு வகுப்பு எடுத்துக் காட்டட்டும். சரிப்பட்டு வந்தால் பழையபடி கணக்கு. இல்லாவிட்டால் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். வகுப்புக்கு வாங்கிய மென்பொருளோ திறந்த வேகத்தில் உறைந்துபோய், மெமரி போதாது என்று மூடிக்கொண்டது. இருப்பது நான்கு ஜி.பி. அது கேட்பது பதினாறு. எட்டு எட்டாக இரண்டு மெமரி அட்டைகள் மத்தியானம்தான் தபாலில் வந்து சேர்ந்தன.

"சாரே செய்யலாமே? படிச்சவரு."

"இவரா? பல்பு மாத்தப் போனா தெருவுக்கே கரண்ட் போகும்."

வாத்தியார் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

சட்டைக் காலருக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பட்டையை விளிம்பில் நுழைத்து, தையல் பிரிப்பதுபோல் சுற்றிவந்தாள். மூடி கழன்றது. பேட்டரி இணைப்பைப் பிடுங்கினாள். எழுந்துபோய்க் குழாயைத் தொட்டுவிட்டு வந்தாள்.

"கை கழுவலையே அக்கா?"

"நாள் முழுக்க பாலியெஸ்டர்ல உழலுற கை. உடம்புல இருக்கிற மின்சாரத்தைக் குழாயில விட்டுட்டுத்தான் அட்டையைத் தொடணுமாம்."

கீழ்வீட்டுக்காரி குனிந்து காதருகே கிசுகிசுத்தாள். "சாருக்குப் பிடிக்கல போல. நான் வந்ததுலேர்ந்து வாயே திறக்கல. உம்முனு இருக்கார்."

"பார்வையாலேயே பாதி திட்டித் தீர்த்துட்டார், விடு."

பழைய அட்டையின் இருபுறக் கொக்கிகளையும் விலக்கியதும் அது எகிறி எழுந்தது. புதியவை இரண்டையும் சாய்த்துச் செருகி மெல்லப் படுக்கவைத்தாள். பேட்டரி, மூடி, பத்துத் திருகாணி. புரட்டிப்போட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

விசிறி சுழன்றது. திரை கருப்பாகவே இருந்தது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கருப்பு.

"என் கண்ணுதான் பட்டுடுச்சோ அக்கா," என்று யூனிஃபார்மை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்காரி நழுவினாள்.

தையற்காரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு அங்க போய் என்ன பண்ணுவீங்க? எனக்கெதுக்கு இந்த வேலை? வாய் விட்டுத் திட்டிடுங்க, ஆறிடும்."

அவர் திட்டவில்லை. எழுந்து வந்து, அவளே மறுபடி மூடியைக் கழற்றும்வரை காத்திருந்தார். அட்டையோடு வந்த குறிப்புத் தாளில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். அட்டை விளிம்பின் தங்க நிறப் பற்கள் வெளியே தெரியக் கூடாது.

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு அட்டைகளிலும் ஒரு நூலிழை அளவுக்குத் தங்கம் மினுங்கியது. அழுத்தினால் கசங்கிவிடும் என்று இருபது வருடமாகப் பட்டுத் துணியைத் தொட்டுப் பழகிய கை. இதையும் அப்படித்தான் தொட்டிருக்கிறது.

"அமுக்கினா உடைஞ்சுடாதே?"

அவர் கட்டைவிரலை மேசைமேல் ஊன்றி அழுத்திக் காட்டினார். இன்னும், இன்னும் என்று கண்ணால் சொன்னார்.

"உடைஞ்சா நீங்க நூலகம்தான். அப்புறம் ஆயுசு பூரா என்னைக் குத்திக்காட்டக் கூடாது."

மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். டக். அடுத்தது. டக்.

இந்தமுறை பொத்தானை அழுத்திவிட்டு அவள் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். அதில் மெல்ல நீல வெளிச்சம் பரவியது.

"பதினாறு காட்டுதா?"

காட்டியது. மென்பொருளும் உறையாமல், முனகாமல் திறந்துகொண்டது. வாத்தியார் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று எதையோ தட்டினார்.

தொண்டைக் கட்டியோடு குரல்வளையையும் டாக்டர்கள் எடுத்துவிடுவதற்கு முன்னால், பதினோரு நாள் உட்கார்ந்து அவர் பதிவுசெய்து வைத்திருந்த அவருடைய சொந்தக் குரல், அதே லேசான மூக்கடைப்போடு, அவர் தட்டியதை மடிக்கணினியிலிருந்து வாசித்தது: "ஏழு மாசமா இந்த வீட்டுல நீ ஒருத்தியே பேசிட்டிருந்தே, கொஞ்சம் தள்ளிக்கோ, இனிமே என் முறை!"