பீப்பாய்க்குள் தண்ணீர்

பசை ஆலை முதலாளி பீப்பாயில் குச்சியை விட்டுத் தூக்கினார். காய்ச்சிய அன்று முழ நீளத்துக்கு நூலாக இழுபட்ட பசை, இன்று சாணுக்குள் அறுந்து விழுந்தது.

‘தண்ணி ஊத்தியிருக்கான்!’

தொழிலில் பங்கு போட்டிருந்த மச்சினன் மேல் அவருக்கு ஏற்கெனவே சந்தேகம். கிடங்கைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தினமும் தான் மட்டும் உள்ளே போய்ப் பார்த்தார். பசை இன்னும் மோசமானது.

கிடங்கு வாசலிலேயே மச்சினனை மடக்கினார். “கள்ளச்சாவி வச்சிருக்கியா? உண்மையைச் சொல்லு. இல்லேன்னா இன்னைக்கே பங்கைப் பிரிச்சிடலாம்.”

“நான் இந்தப் பக்கமே வரலை மாமா. நீங்க உள்ள போய் என்ன பண்ணுவீங்க?”

“காய்ச்சின மறுநாள்லேருந்தே தினமும், அடியில தண்ணி தங்கியிருக்கான்னு பசை கலக்குற மிக்சரை முழு வேகத்துல ஓட்டிட்டு, அப்புறம் குச்சியை விடுவேன்.”

மச்சினன் தலையில் கைவைத்துக்கொண்டான். “போச்சு! உள்ள இருக்கிற நீள நீள இழைங்க ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கிடக்குறதாலதான் பசை நூலா வருது. அந்த வேகத்துல அடிச்சா இழையெல்லாம் துண்டு துண்டாயிடும். கெடுக்கிறதுக்குத் தண்ணியே வேண்டாம் மாமா!”

முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ சொல்றதை நான் எப்படி நம்புறது?” என்றபடியே கிடங்குக்குள் போய் அடுத்த பீப்பாயில் மிக்சரை இறக்கி, முழு வேகத்தில் ஓட்டினார்.